நல்லெண்ணெய் குடித்த லாரி

"கயிறு கட்டி இழுத்துட்டுப் போகக் கூடாது தங்கச்சி. ஓடிப் போச்சுன்னா கொண்டு போங்க. ஓடலன்னா இங்கனயே வெட்டிரச் சொல்லிருவேன்."

திசையன்விளைக்குத் தெற்கே, செம்மண் மணலாக மாறும் இடத்தில் அண்ணாச்சிக்கு ஒரு தோட்டம் இருந்தது. தகரம் பறந்துபோன ஒரு கொட்டகைக்குக் கீழே நின்றுகொண்டுதான் இந்த நிபந்தனையைப் போட்டார். அவருக்குப் பின்னால் அந்த லாரி நின்றது. இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செய்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிய வண்டி. சப்பை மூக்கு, சின்னக் கண்ணாடி, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அமைப்பு. போர் முடிந்ததும் ராணுவம் இந்த மாதிரி வண்டிகளைக் கூட்டம் கூட்டமாக ஏலம் விட்டது. அண்ணாச்சியின் அப்பா ஒன்றை எடுத்து, கிணறு வெட்டும் சாமான்களை ஏற்றித் தேரி மணலுக்குள் ஓட்டியிருக்கிறார். மற்ற லாரிகள் அச்சுவரை புதைந்துபோகும் மணல் அது. சுற்றுவட்டாரத்தில் இந்த வண்டி போகாத தோட்டமே கிடையாது என்றார் அண்ணாச்சி.

அப்பா காலமான வருடமே வண்டியும் நின்றுவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது தோட்டத்தை விற்றுவிட்டார். பொங்கலுக்கு முன்னால் இடத்தைக் காலி செய்து கொடுத்தாக வேண்டும்.

"இழுத்துட்டுப் போனா என்ன அண்ணாச்சி? எங்க வீட்டுல வச்சுப் பைய ஓட வச்சிருவோம்லா" என்று கேட்டுப் பார்த்தேன்.

"செத்த மாட்டத்தான் கயிறு கட்டி இழுப்பாவ. இது எங்க குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி. அந்த வாசல் வழியா இது பொணமாப் போகக் கூடாது."

கேஸ் கட்டர் வைத்து வெட்டித் துண்டு துண்டாக அள்ளிப் போனால் மட்டும் அது என்னவாம்? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் அது பேரம் பேசுகிற முகமாக இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.  திரும்பி வரும் வழியில் நாங்குநேரி தாண்டிய பிறகுதான் என் வீட்டுக்காரர், "இஞ்சின் சுத்துதான்னுகூடப் பாக்காம சரின்னுட்டியே" என்றார்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பாளையங்கோட்டையில் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். நான் திருநெல்வேலியில் அரசுப் பேருந்துப் பணிமனையில் பொறியாளராக இருந்தேன். ஒரு பெண் பஸ்ஸுக்கு அடியில் படுப்பதை வேடிக்கை பார்க்க வந்தவர்களை எல்லாம் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொல்லி வேலை வாங்கியவள். இருவருக்கும் ஓய்வு வந்தபோது வீட்டில் கூடிக்கிடந்தவை அவருடைய போர்க்காலப் புத்தகங்களும் என்னுடைய கோபமும்தான். கோபத்துக்கு வேலை வேண்டுமே என்று ஒரு பழைய ராணுவ ஜீப்பை வாங்கி, கொல்லைப்புறத்தில் வைத்து ஓட வைத்தோம். ஒரு வண்டி எங்கெல்லாம் போயிருக்கும் என்பது அவர் கவலை. ஏன் இப்போது போக மாட்டேன் என்கிறது என்பது என் கவலை. இந்த வயதில் காசி, ராமேஸ்வரம் என்று போகாமல் இது என்ன கிரீஸும் கையுமாக என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

இந்த ரக லாரியைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். நம் பக்கம் வந்தவற்றில் பெரும்பாலானவை இரும்புக்கடைக்குப் போய்விட்டன. கண்ணெதிரே நிற்கும் ஒன்றையும் வெட்டக் கொடுப்பதா? எனக்கு மனசு ஆறவில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகை பிறந்ததும் வேலையைத் தொடங்கினோம். காலையில் காரில் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். மழை பெய்த நாளில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருப்போம். முதல் நாளே அண்ணாச்சி வண்டியின் இடது பக்கத் தகட்டில் ஒரு ஓட்டையைக் காட்டினார்.

"இது ஜப்பான்காரன் சுட்டது. பர்மாவுல."

என் வீட்டுக்காரருக்குக் கண் விரிந்துவிட்டது. விரலை விட்டுப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், படம் எடுத்தார். நான் பார்த்தேன். சுத்தமான வட்டம். அதே அளவில் இன்னொன்று ஒரு சாண் தள்ளி, துரு மூடிக் கிடந்தது. யாரோ விளக்கு மாட்டுவதற்காகத் துளை போட்டிருக்கிறார்கள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, அண்ணாச்சி முன்னால் சொல்லவில்லை. காரில் ஏறியதும் சொல்லிவிட்டேன். பாவம், ஊர் வந்து சேரும்வரை மனிதர் வாடிப்போயிருந்தார்.

ஆனால் அவர் சோர்ந்து உட்காருகிற ஆள் இல்லை. கதவில் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அடித்த பெயின்ட் அடுக்கடுக்காக இருந்தது. பச்சை, நீலம், மறுபடி பச்சை, அதன்மேல் சந்தனமும் குங்குமமும். பஞ்சில் தின்னரைத் தொட்டு ஒவ்வொரு அடுக்காகத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் பட்டாளத்து வண்ணமும், அதில் வெள்ளையாக ஒரு எண்ணின் பாதியும் தெரிந்தன. மீதிப் பாதி துருவோடு போய்விட்டது. எந்தப் படைப்பிரிவு என்று கண்டுபிடிக்க அது போதாது. "பரவால்ல, பாதி கிடைச்சிருக்குல்லா" என்று அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

என் பக்கம் பாதிகூடக் கிடைக்கவில்லை. இஞ்சின் இறுகிக் கிடந்தது. முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு இரண்டு பேர் தொங்கினாலும் ஒரு இம்மிகூட அசையவில்லை. பிளக்குகளைக் கழற்றினேன். அத்தனை வருடம் நின்ற வண்டியில் அவை கைக்கு இலகுவாக வந்தன. அப்போதே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. பிளக் துளை வழியாக டீசல் ஊற்றி ஊறவிட்டேன். பிரேக் ஆயிலைக் கலந்து ஊற்றினேன். துரு விடுவதற்கு என்று பணிமனையில் என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்தேன். கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கடப்பாரையால் நெம்பினேன். சக்கரம் மணலில் வழுக்கியதே தவிர இஞ்சின் அசையவில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் பழைய இரும்பு வாங்கும் வியாபாரி தன் டெம்போவில் வந்து இறங்கினார். அண்ணாச்சி சொல்லித்தான் வந்திருந்தார். வண்டியைச் சுற்றி வந்து, எங்கே வெட்டினால் எத்தனை துண்டாகும் என்று சாக்பீஸால் கோடு போட்டார். என் வீட்டுக்காரர் நாள் கணக்காகத் துடைத்து எடுத்த எண்ணின்மேலேயே ஒரு கோடு போனது.

"கோட்ட அழிங்க" என்றேன்.

"சும்மா அளவுக்குத்தான் போட்டேன்க்கா."

"அளவெல்லாம் பொங்கலுக்குப் பொறவு எடுத்துக்கிடலாம். இப்ப அழிங்க."

அழித்தார். அண்ணாச்சி வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அவருக்கும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓடாது என்று அவர் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆத்திரத்தில் இஞ்சினின் தலையை, சிலிண்டர்களை மூடியிருக்கும் மேல்பாகத்தை, கழற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். துருவேறிய நட்டுகளைக் கழற்றும்போது ஒரு போல்ட் முறிந்தாலும் வேலை கெடும். அதனால்தான் அதுவரை கை வைக்காமல் இருந்தேன். ஒவ்வொரு நட்டாகச் சூடு காட்டி, ஆறவிட்டு, மறுபடி சூடு காட்டி, ஒன்றுகூட முறியாமல் எடுத்தேன். மூன்று பேரும் சேர்ந்து தலையைத் தூக்கினோம்.

உள்ளே துருவே இல்லை. ஆறு சிலிண்டரிலும் பிஸ்டனுக்கு மேலே தவிட்டு நிறத்தில் ஏதோ கெட்டியாக உறைந்திருந்தது, முற்றிய கருப்பட்டிப் பாகு மாதிரி. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ரப்பராக எதிர்த்தது. கொஞ்சம் சுரண்டி எடுத்துத் தீ காட்டினேன். கழுவாத குத்துவிளக்கின் வாசனை வந்தது.

"அண்ணாச்சி, இதுக்குள்ள என்ன ஊத்துனீய?"

"நல்லெண்ணெய்" என்றார், பெருமையாக. "வருசா வருசம் ஆயுத பூசைக்குப் பிளக்கக் கழத்தி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஊத்துவேன். செக்குல ஆட்டுன எண்ணெய்தான். ஒரு வருசமும் விட்டதில்ல. இஞ்சின் காய்ஞ்சு போயிரக் கூடாதுல்லா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நல்லெண்ணெய் நாள்பட்டால் சிக்காக மாறிப் பசையாகப் பிடித்துக்கொள்ளும். வருடா வருடம் ஊற்றியது பிஸ்டன் வளையங்களுக்கு இடையில் இறங்கி, சிலிண்டரோடு சேர்த்து ஒட்டிவிட்டது. இத்தனை நாள் நான் இல்லாத துருவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இஞ்சின் என்ன சாமி செலையா, எண்ணெய்க் காப்பு போட? மெசின் ஆயில ஊத்தியிருந்தா இந்நேரம் சுத்தியிருக்கும். நீங்களே பூட்டுப் போட்டு வச்சுட்டு, ஓடலன்னா வெட்டிருவேன்னு எங்கிட்ட வேற சொல்லுதீய!"

 அண்ணாச்சி சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் பஞ்சைக் கீழே வைத்தார். "ஓடாத வண்டிக்கு ஒருத்தரு இத்தன வருசமா விடாம எண்ணெய் ஊத்தியிருக்காரு. வேற யாரு செய்வா? அவரப் போயி இப்படிப் பேசுதியே" என்றார். அவர் சத்தம் போடாமல் சொல்வதால்தான் எனக்கு உறைக்கும்.

அவர் சொன்ன பிறகு நான் சிலிண்டரின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த சிக்கைத் தின்னரால் துடைத்துப் பார்த்தேன். அடியில் இரும்பு கண்ணாடியாக மின்னியது. கடல் காற்று அடிக்கும் ஊர், கூரையில்லாத கொட்டகை, முப்பது வருட மழை. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் துரு உள்ளே அரித்துத் தின்றிருக்கும். இஞ்சினை இறுக்கிப் பிடித்த அதே எண்ணெய்தான் அதைக் காப்பாற்றியும் வைத்திருந்தது. துரு என்றால் நான் தோற்றிருப்பேன். சிக்கு என்றால் எனக்கு வழி தெரியும்.

பணிமனையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாகங்களைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுப்போம். இப்போதைய இஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியம், சோடா அதைத் தின்றுவிடும். இந்த வண்டியில் இருந்தது வார்ப்பிரும்பு, அதனால் பயம் இல்லை. ஆனால் இந்த இஞ்சினைத் தொட்டியில் முக்க முடியாது, தொட்டியைத்தான் இஞ்சினுக்குக் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் காலை சோடா மூட்டையோடு போய் இறங்கினால், கொட்டகைக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி, பதநீர் காய்ச்சும் பெரிய இரும்புச் சட்டி நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை என் வீட்டுக்காரர் அண்ணாச்சிக்கு போன் பண்ணியிருக்கிறார். அண்ணாச்சி பனைமட்டையைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அவரை இழுத்துக்கொண்டு போய், துடைத்த இடத்தைக் காட்டினேன்.

"பாருங்க. நீங்க ஊத்துன எண்ணெய்தான் இத இப்படி வச்சிருக்கு. நேத்து நான் பேசுனது பாதி நியாயம்தான்."

"மீதிப் பாதி?" என்றார்.

"அது இஞ்சின் சுத்துனாப் பொறவு சொல்லுதேன்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் மூச்சு வந்தது.

அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியையும் கழற்றிவிட்டு, மேலிருந்து கொதிக்கக் கொதிக்க சோடாத் தண்ணீரை ஊற்றினோம். ஆறியதை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினோம். ஊறிய சிக்கைச் சுரண்டினோம். மறுபடி ஊற்றினோம். மார்கழியில் பாதி நாள் இதுதான் பிழைப்பு. கையெல்லாம் தோல் உரிந்தது. தினமும் வேப்பங்கட்டையை ஒவ்வொரு பிஸ்டன்மேலும் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். கல்லில் அடித்த சத்தம் கேட்கும். ஒரு நாள் மத்தியானம் சத்தம் மாறியது. அண்ணாச்சியும் என் வீட்டுக்காரரும் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்க, நான் இன்னொரு முறை தட்டினேன். ஹேண்டில் ஒரு சாண் கீழே இறங்கியது. என் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அதன் பிறகு வேலை ஓடியது. பாகங்களைக் கழுவி, எண்ணெய் போட்டு, தலையை மாட்டினேன். வேறு லாரியின் பழைய டயர்களைத் தேடிப் பிடித்துப் பொருத்தினோம். பெட்ரோல் டேங்க் ஓட்டையாக இருந்ததால் ஒரு கேனை உயரத்தில் கட்டினேன். பிரேக் இல்லை, கைப்பிரேக் மட்டும் பிடித்தது. இஞ்சின் முதன்முதலில் கிளம்பிப் புகை கக்கியபோது சுற்றிலும் வறுத்த எள்ளு வாசனை. அண்ணாச்சி ஓடிப் போய்ச் சூடம் எடுத்து வந்தார். பெட்ரோல் கேனைக் காட்டி, தூரப் போய்க் கொளுத்துங்கள் என்று விரட்டினேன்.

இடத்தை ஒப்படைக்கும் நாள் காலையில் வாசலுக்கு வெளியே பொக்லைன் வந்து நின்றது. வாங்கியவர்கள் அன்றைக்கே கொட்டகையை இடித்துச் சமப்படுத்த ஏற்பாடு செய்திருந்தார்கள். இரும்பு வியாபாரியும் டெம்போவோடு வந்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. வண்டியைக் கிளப்பினேன். மணலில் பாதைக்குப் பலகை போட்டிருந்தோம். முப்பது வருடம் அசையாத சக்கரங்கள் முனகிக்கொண்டு உருண்டன. அண்ணாச்சி முன்னால் கையை ஆட்டி ஆட்டி வழி காட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்தார்.

முன் சக்கரம் வாசலைத் தாண்டியது. இஞ்சின் ஒரு முறை இருமியது, நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில் எரிந்து, அதிலிருந்த தார் உருகி வழிந்துகொண்டிருந்தது. அந்தக் காயில் ஆறு வோல்ட்டுக்கு ஆனது. கையில் கிடைத்த பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். காயில் இல்லாமல் தீப்பொறி இல்லை. புதிது வாங்கத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். லாரியோ வாசலை அடைத்துக்கொண்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது.

"அரை நாளெல்லாம் நிக்க முடியாதும்மா. வாடகை வண்டி இது" என்றார் பொக்லைன்காரர். "சங்கிலியப் போட்டு அஞ்சே நிமிசத்துல வெளிய இழுத்துப் போட்டுருதேன்."

இரும்பு வியாபாரி அதற்குள் தன் டெம்போவிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். அவர் வண்டியின் முன் தகட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"போதும் தங்கச்சி" என்றார். "நீங்க பட்ட பாடு போதும். கயிறு வேண்டாம். உள்ள தள்ளிருங்க. வெட்டிரட்டும்."

எனக்கு வந்த கோபம் அவர்மேல் இல்லை. எரிந்துபோன ஒரு உருண்டைக் காயிலுக்காகவா இதை வெட்டுவது? பிளக் ஸ்பேனரை எடுத்தேன். ஆறு பிளக்கையும் கழற்றிச் சேலை மடியில் போட்டுக்கொண்டேன். பிளக் இல்லாவிட்டால் சிலிண்டரில் காற்று அடைபடாது, இஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. முதல் கியரில் போட்டுவிட்டுச் சுற்றினால், இஞ்சின் சுற்றும் கணக்குக்கு வண்டியும் நகரும். பணிமனையில் இடம் மாற்றப் பழைய வண்டிகளை இப்படி நகர்த்தியிருக்கிறோம். எறும்பு வேகம்தான், ஆனாலும் நகரும்.

"அண்ணாச்சி, கயிறு யாரும் கட்டல. இஞ்சின் சுத்தி, சக்கரம் உருண்டு போகுது. நெருப்பு மட்டும்தான் இல்ல, அதுக்குப் பதிலா நீங்க. சம்மதமா?"

அவர் ஹேண்டிலை எடுத்து மாட்டினார். நான் ஏறி, முதல் கியரைப் போட்டு, கைப்பிரேக்கை விட்டேன். அவர் குனிந்து சுற்றினார். ஒரு சுற்றுக்கு வண்டி நாலு விரற்கடை நகர்ந்திருக்கும். மறுபடி சுற்றினார். என் வீட்டுக்காரர் பின்னால் கிடந்த பலகையை உருவி முன்னால் கொண்டுபோய்ப் போட்டார். வியாபாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கயிற்றை டெம்போவில் எறிந்துவிட்டு வந்து அடுத்த பலகையைத் தூக்கினார். பொக்லைன்காரர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். அண்ணாச்சியின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் மாறிக்கொள்கிறேன் என்றேன், வியாபாரியும் கேட்டார். யாரிடமும் ஹேண்டிலைக் கொடுக்கவில்லை.

பின் சக்கரங்கள் வாசலைத் தாண்டி வெளி மணலில் இறங்கின. நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

"போதும் அண்ணாச்சி! வெளிய வந்தாச்சு. நிறுத்துங்க!"

அவர் நிமிரவில்லை.

"தார் ரோடு வரைக்கும் போட்டும் தங்கச்சி" என்றார், சுற்றிக்கொண்டே.

நான் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன்.